அடுத்தவரைப் பார்த்துத் தொழில் யோசனை பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"என்ன தொழில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: கடைசியாக யாருடைய வேலையை ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. எல்லோரும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள், எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நல்ல யோசனை சொந்த மூளையில் உதிக்க வேண்டாமா? அடுத்தவரிடமிருந்து எடுத்தால் அது எப்படிப் புதிதாகும்?

புதிது என்று நாம் கொண்டாடுகிறவற்றில் பல, இடம் மாறி வந்தவை. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913இல் ஓடத் தொடங்கிய நகரும் உற்பத்தி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர் கார் தொழிலில் இல்லை. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில், வெட்டிய மாடுகள் மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கியபடி நகர்ந்து வரும். வரிசையாக நிற்கும் ஆட்கள் ஆளுக்கு ஒரே ஒரு வெட்டு வெட்டுவார்கள். ஃபோர்டிடம் வேலை பார்த்த வில்லியம் கிளான் அதைப் போய்ப் பார்த்தார். ஒன்றை இப்படிப் பிரித்துப் போட முடியும் என்றால் இன்னொன்றை இப்படியே சேர்க்கவும் முடியும் என்று அவருக்குப் பட்டது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த காரின் அடிச்சட்டம் பொருத்தும் வேலை, அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடத்துக்கு வந்துவிட்டது.

இறைச்சிக் கூடத்து ஆட்களுக்கு அந்த முறை பழகி அலுத்துப்போனது. கார் செய்கிறவர்களுக்கு அது புத்தம் புதிது. ஓரிடத்தில் பழசாகிவிட்ட ஒன்று இன்னோரிடத்துக்கு இன்னும் போய்ச் சேராமல் இருக்கிறதே, அந்த இடைவெளிதான் நீங்கள் தேட வேண்டியது.

இதையே ஒரு வழிமுறையாக நான் சொல்வதுண்டு: பிரச்சினையைப் பக்கத்தில் தேடுங்கள், தீர்வைத் தூரத்தில் தேடுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வை அப்படியே எடுத்துக்கொண்டு, அவருடைய வாடிக்கையாளர்களையே பங்கு போடக் கிளம்புகிறார்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விளக்கம்தான்.

சுற்றிவளைத்துப் பேசினாலும் இது காப்பி அடிப்பதுதானே?

காப்பி அடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவதை எடுக்கிறார்: கடையின் அமைப்பு, பெயர்ப் பலகை, விலைப் பட்டியல். கற்றுக்கொள்கிறவர் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிறார். காரணம் தெரியாமல் எடுத்தால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

இதில் எனக்கே சூடு விழுந்த கதை உண்டு. தெரிந்தவர் ஒருவர் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு இயந்திரங்களைப் பராமரித்துக் கொடுக்கும் தொழில் நடத்தினார். நன்றாக ஓடியது. நானும் அதே சந்தா, அதே வாக்குறுதி என்று ஆரம்பித்தேன். ஒன்றரை ஆண்டு கைக்காசு கரைந்த பிறகுதான் புரிந்தது, அவருக்குச் சந்தாவில் லாபமே கிடையாது. உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கி மற்ற மெக்கானிக்குகளுக்கு விற்பதில்தான் அவருடைய லாபம் இருந்தது. சந்தா, அந்த உதிரி பாகங்களுக்கு நிலையான தேவை வரவழைக்க அவர் போட்ட தூண்டில். நான் தூண்டிலைப் பார்த்துவிட்டு மீனைப் பார்க்கத் தவறியிருந்தேன்.

பெரிய நிறுவனங்களும் விழுந்திருக்கின்றன. அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது அமெரிக்காவில் பலித்த பழக்கங்களையும் கூடவே கொண்டுபோனது. வாசலில் நின்று வரவேற்க ஓர் ஆள், வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்ற ஒழுங்கு, வாங்கிய சாமானைப் பையில் போட்டுத் தர ஓர் ஊழியர். அங்கே வாங்க வந்தவர்கள் பலருக்கு அது உறுத்தலாக இருந்தது. விலையிலும் அந்நாட்டின் மலிவுக் கடைகளை அதனால் வெல்ல முடியவில்லை. 2006இல் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. தன்னையே காப்பி அடித்தாலும் தோற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியே காப்பி அடித்து ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 1999இல் ஜெர்மனியில் சாம்வர் சகோதரர்கள் ஈபே மாதிரியே அலாண்டோ என்று ஓர் ஏலத் தளம் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே ஈபே அதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த ஆட்டம் வேகமும் பணமும் உள்ளவர்களுக்கானது. அசல் நிறுவனம் உங்கள் சந்தைக்கு வந்து சேர்வதற்கு முன் நீங்கள் பெரிதாகிவிட வேண்டும். சிறு முதலீட்டோடு இறங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, யாரிடமிருந்து ஆரம்பிப்பது?

ஒரு வேலையைத் தினமும் கையால் செய்கிறவரிடமிருந்து. மேலாளருக்கு அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரியும். செய்கிறவருக்குத்தான் அது எங்கே மாட்டிக்கொள்கிறது என்று தெரியும்.

பெட் நெஸ்மித் கிரஹாம் அமெரிக்காவில் ஒரு வங்கியில் செயலாளராக இருந்தவர். மின்சாரத் தட்டச்சு இயந்திரம் வந்த புதிதில், ஒரு பிழை விழுந்தால் ரப்பரால் அழிக்க முடியாது, மை ஈஷிக்கொள்ளும். முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். ஒருநாள் வங்கியின் கண்ணாடி ஜன்னலில் ஓவியர்கள் படம் வரைவதைப் பார்த்தார். அவர்கள் தவறு செய்தால் அழிப்பதில்லை, அதன்மேலேயே வண்ணம் பூசிவிடுகிறார்கள். வெள்ளைச் சாயத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, ஒரு தூரிகையோடு அலுவலகத்துக்கு எடுத்துப்போனார். கூட வேலை பார்த்தவர்கள் எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். 1956இல் அதை விற்க ஆரம்பித்தார். அதுதான் பின்னால் 'லிக்விட் பேப்பர்' ஆனது. 1979இல் ஜில்லெட் நிறுவனம் அதை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியது.

பிரச்சினை அவருடைய மேஜையிலேயே இருந்தது. தீர்வு ஜன்னலில் ஏறி நின்றவரிடம் இருந்தது. நான் மேலே சொன்ன வழிமுறைக்கு இந்தக் கதையைத்தான் எப்போதும் காட்டுவேன்.

அப்புறம் இன்னொரு வகை ஆட்கள் உண்டு. சந்தையில் கிடைக்கும் பொருள் போதாமல் தாங்களே வெட்டி ஒட்டிக்கொள்கிறவர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் இவர்களை 'முன்னோடிப் பயனர்கள்' என்ற பொருளில் அழைத்து, பல துறைகளில் புதுமை முதலில் இவர்களிடமிருந்தே வருகிறது என்று காட்டினார். மலை சைக்கிளை எந்தச் சைக்கிள் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவின் வடபகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடியை மாட்டி மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய அளவில் செய்து விற்ற வண்டிகள் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பையன்களை வேடிக்கை பார்த்தவர் எவரும் ஒரு தொழிலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மக்களையே கேட்டுவிட்டால் போதாதா?

போதாது. சில சமயம் ஆபத்தும்கூட. கேட்கிறவர் மனம் கோணக் கூடாது என்று மனிதர்கள் நல்ல பதிலாகச் சொல்வார்கள். "நல்ல யோசனை, கண்டிப்பாக வாங்குவேன்" என்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். அதை ஆர்டராக எண்ணிக் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னாலும் சிக்கல் உண்டு. கோக கோலா நிறுவனம் 1985இல் தன் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிச் சோதித்திருந்தது, பெரும்பாலோர் புதியதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைக்கு வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வது வேறு, பழசை இழப்பது வேறு. சோதனையில் ருசியைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

அதனால் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒரு சேவை வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் கற்பனைதான் பதிலாக வரும். "கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். அதற்குப் பின்னால் வரிசையாகக் கேட்கலாம்: யாரைக் கூப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் போனது, பணம் கொடுத்தீர்களா, அதற்கு முன் வேறு எதையாவது முயன்றீர்களா, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிக்கல் வந்தும் எதுவுமே செய்யாமல் விட்டிருந்தார் என்றால் அது அவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. எவ்வளவு புலம்பினாலும் சரி.

உங்கள் யோசனையைக் கடைசி வரைக்கும் வெளியே எடுக்காதீர்கள். எடுத்த நிமிடமே பேச்சு உங்களைப் பற்றியதாக மாறிவிடும்.

கேட்பதைவிடப் பார்ப்பது மேல் என்கிறீர்களே, எதைப் பார்ப்பது?

ஒட்டுவேலையை. கயிறு கட்டி நிறுத்தியது, பேனாவால் திருத்தி எழுதியது, ஒரே தகவலை இரண்டு நோட்டில் பதிவது, ஒரு பொருளை அது உண்டாக்கப்பட்ட காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது. இவையெல்லாம் யாரும் கேட்காமலே மனிதர்கள் எழுதிக் கொடுக்கும் மனுக்கள்.

இந்த நூற்றாண்டில் இதற்குப் பெரிய சாட்சி, கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா சேவை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மக்கள் கைபேசி டாப்-அப் தொகையையே பணம் போல ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்வார். வங்கிக் கணக்கு இல்லாதவர்களின் ஒட்டுவேலை அது. எம்-பெசாவின் தொடக்கச் சோதனை, சிறு கடனைக் கைபேசி வழியாகத் திருப்பிக் கட்டுவதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. சோதனையில் சேர்ந்தவர்களோ அதை வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள், முக்கியமாக ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப. நடத்தியவர்கள் "தவறாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று தடுக்கவில்லை. 2007இல் சேவையைத் தொடங்கியபோது வீட்டுக்குப் பணம் அனுப்புவதையே அதன் முகமாக வைத்தார்கள்.

தவறான பயன்பாடு என்ற சொல்லை வைத்திருக்கும் தொழில்காரர் அந்தச் சொல்லை ஒரு மாதம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் வாடிக்கையாளர்களைப் பார்க்கலாம். நிறையத் தெரியவரும்.

வாடிக்கையாளரின் வினோதமான ஆர்டரை எப்படிப் புரிந்துகொள்வது?

நேரில் போய். ரே கிராக் மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். ஓர் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் ஐந்து கலக்கலாம், ஒரு கடைக்கு ஒன்று இருந்தாலே தாராளம். கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன உணவகம் எட்டு இயந்திரம் வைத்திருந்தது. ஒரே சமயத்தில் நாற்பது கலக்க வேண்டிய அவசியம் அங்கே எப்படி வந்தது? விற்றோம், லாபம் வந்தது என்று இருக்காமல் 1954இல் நேரில் போய்ப் பார்த்தார். மெக்டொனால்ட் சகோதரர்கள் சமையலறையைத் தொழிற்சாலை மாதிரி நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உணவகத்தைப் பின்னால் பெரிய சங்கிலியாக வளர்த்த கிராக்குக்கு அப்போது வயது 52.

உங்கள் விற்பனைக் கணக்கில் சராசரிக்கு ஒட்டாத வரி எது என்று பாருங்கள். எல்லோரும் ஒன்று வாங்கும்போது பத்து வாங்குகிறவர், யாரும் வராத நேரத்தில் வருகிறவர். கணக்குப் பிள்ளைக்கு அது ஒரு வரி, உங்களுக்கு அது ஒரு விலாசம்.

என் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து எப்படிக் கற்பது? எங்கே போய்த் தேடுவது?

இந்தப் பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

முதலில் உங்கள் சிக்கலிலிருந்து தொழிலின் பெயரைக் கழற்றிவிடுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு 1980களின் தொடக்கத்தில் கிடங்கில் ஒரு பிரச்சினை. சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான உதிரி பாகங்களிலிருந்து ஆர்டருக்கு வேண்டியதை எடுத்துக் கட்டி அனுப்பத் தாமதமானது. நகல் இயந்திரம் செய்யும் போட்டியாளரைப் பார்த்திருந்தால் அங்கும் இதே நிலைமைதான் இருந்திருக்கும். அவர்கள் பிரச்சினையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டார்கள்: வெவ்வேறு அளவுள்ள பொருள்களை அலமாரியிலிருந்து வேகமாகப் பொறுக்கி எடுத்து அனுப்புவதில் கெட்டிக்காரர் யார்? பதில், அஞ்சல் வழியாக உடைகளும் காலணிகளும் விற்ற எல்.எல்.பீன். அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இந்தப் பழக்கம் பின்னால் மேலாண்மைப் பாடமாகவே ஆகிவிட்டது.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிடங்கள் பதற்றமானவை. எத்தனையோ குழாய்கள், கருவிகள், ஒரே நேரத்தில் பேசும் பலர். அந்த மருத்துவர்கள் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டி நின்ற சில நொடிகளில் ஒரு கூட்டமே மோதிக்கொள்ளாமல் டயர் மாற்றுவதைக் கவனித்தார்கள். ஃபெராரி பந்தயக் குழுவிடம் தங்கள் வேலையைக் காட்டினார்கள். யார் தலைமை, யார் எந்த வரிசையில், யார் எப்போது பேசலாம் என்பதெல்லாம் மாறின. பிழைகள் குறைந்தன. இங்கே கழற்றிவைத்த பெயர் மருத்துவம். மிச்சம் நின்ற பிரச்சினை: பல கைகள், குறைந்த நேரம், தவறுக்கு இடமில்லை.

டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ பாடம் எடுத்துக்கொண்டது அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டிலிருந்து. வாங்குகிறவர் அலமாரியிலிருந்து எடுத்த பிறகுதான் அந்த இடம் நிரப்பப்படுகிறது. எடுத்ததற்கு மேல் நிரப்புவதில்லை. காருக்கான பாகங்களையும் அப்படியே செய்தால் தேங்கிக் கிடக்கும் சரக்கு குறையுமே என்று பார்த்தார். எடுத்த பாகத்துக்கு ஈடு கேட்டு அட்டை அனுப்பும் கான்பன் முறை அப்படி வளர்ந்தது.

இது ஒரு சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருப்பதுதான் வேடிக்கை. இறைச்சிக் கூடத்திலிருந்து கார் தொழிற்சாலைக்கு. மெக்டொனால்ட் சமையலறைகளின் ஒரே சீரான தரமோ கண் மருத்துவத்துக்கு: 11 படுக்கைகளோடு 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு, அதிகம் பேருக்குக் குறைந்த செலவில் அறுவை செய்ய அந்த உணவகங்கள் நடந்த விதம் ஒரு தூண்டுதல். ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் பக்கத்து மேஜைக்குத் திரும்புவார், அடுத்த நோயாளி அங்கே தயாராக இருப்பார்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு நடைமுறைப் பதில்: உங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில், உங்கள் தொழிலின் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதுங்கள். "சீக்கிரம் கெட்டுப்போவதைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும்." "வராமல் போகிறவர்களால் நேரம் வீணாகிறது." "தெரியாத ஒருவரை வீட்டுக்குள் நம்பி விட வேண்டும்." பிறகு, இதில் தவறினால் உங்களைவிட அதிகம் இழக்கிறவர் யார் என்று கேளுங்கள். இரத்த வங்கி நடத்துகிறவர், விமானத்தில் இருக்கை விற்கிறவர், குழந்தைக்குத் துணை ஆள் தேடுகிறவர். அதிகம் இழக்கிறவர் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்.

போட்டியாளரின் கடைக்குள் போய்ப் பார்ப்பது சரியா?

எல்லோருக்கும் திறந்திருக்கும் இடத்தில் வாடிக்கையாளராகப் போய்ப் பார்ப்பதில் தவறு எதுவும் இல்லை. வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டன் வாழ்நாள் முழுக்க இதைச் செய்தார். வாடிக்கையாளரே பொருளை எடுத்து வாசலில் பணம் கட்டும் முறையை இரண்டு கடைகளில் முயல்வதாகக் கேள்விப்பட்டு, இரவு முழுக்கப் பேருந்தில் பயணம் செய்து மின்னசோட்டா வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். வால்மார்ட் தொடங்கியது 1962இல். தான் செய்ததில் பெரும்பகுதி பிறரிடமிருந்து எடுத்ததே என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர்.

அவரிடம் எனக்குப் பிடித்தது வேறு. மோசமான கடைக்குப் போனாலும் அங்கே நல்லது ஏதாவது ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பாராம். நாம் போட்டியாளர் கடைக்குப் போனால் குறை கண்டுபிடித்துவிட்டுத் தெம்பாக வீடு திரும்புகிறோம். அந்தத் தெம்பால் ஒரு பைசா லாபமில்லை.

பொய் சொல்லி வேலைக்குச் சேர்வது, ஊழியரிடம் காசு கொடுத்து விலைப்பட்டியல் வாங்குவது எல்லாம் வேறு கணக்கு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளிநாட்டில் ஓடுவதைக் கொண்டுவந்தால்?

கொண்டுவரலாம், பாதியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸில் வேலை பார்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983இல் இத்தாலியின் மிலான் நகரில் எஸ்பிரஸ்ஸோ கடைகளைப் பார்த்து மயங்கியவர். அப்போது ஸ்டார்பக்ஸ் காபிக் கொட்டைதான் பிரதானமாக விற்றுக்கொண்டிருந்தது. முதலாளிகள் ஆர்வம் காட்டாததால் 1986இல் தனியாக ஒரு கடை திறந்தார். மிலானில் இருந்த மாதிரியே நாற்காலி கிடையாது, நின்றுகொண்டு குடிக்க வேண்டும், ஒலிபெருக்கியில் ஓபரா. வந்தவர்கள் உட்கார இடம் கேட்டார்கள், பாட்டு வேண்டாம் என்றார்கள். இரண்டையும் மாற்றினார். அடுத்த ஆண்டு ஸ்டார்பக்ஸையே வாங்கினார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சற்று நேரம் இருந்துவிட்டுப் போக ஓரிடம் என்ற கருவை அவர் விடவில்லை. அதன்மேல் போர்த்தியிருந்ததை மட்டும் கழற்றினார்.

வெற்றி பெற்றவர்களின் கதைகளைப் படித்தால் போதாதா?

படியுங்கள், அப்படியே நம்பிவிடாமல் படியுங்கள். ஈபே தொடங்கிய கதையாகப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது இது: நிறுவனர் பியர் ஒமிடியாரின் வருங்கால மனைவி, மிட்டாய் வைக்கும் பெஸ் டப்பாக்களைச் சேகரித்தார், அவருக்காகத்தான் தளமே உருவானது. அழகான கதை. அது பத்திரிகைகளுக்காக மக்கள் தொடர்புப் பிரிவு உருவாக்கியது என்று பின்னால் தெரியவந்தது. உண்மையில் 1995இல் அதில் விற்ற முதல் பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று வாங்கியவரிடம் ஒமிடியார் கேட்டிருக்கிறார். உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிக்கிறேன் என்று பதில் வந்தது. தொழில் கற்க விரும்புகிறவருக்கு மிட்டாய் டப்பாவைவிட இந்தப் பதில் நூறு மடங்கு மதிப்புள்ளது.

கதைகளைவிட, தொழிலை மூடியவர்களைத் தேடிப் போங்கள். நடத்திக்கொண்டிருக்கிறவர் ரகசியத்தைக் காப்பார். மூடியவருக்குக் காப்பதற்கு எதுவுமில்லை, சொல்லத்தான் நிறைய இருக்கும். எந்த மாதத்தில் பணம் நின்றது, எந்தச் செலவை முதலில் எதிர்பார்க்கவில்லை, எந்த வாடிக்கையாளர் பாக்கியை இழுத்தடித்தார் என்று தேதி வாரியாகச் சொல்வார். நம்மில் யாரும் அவரைக் கேட்பதில்லை என்பதே அவருக்குள்ள பெரிய மனக்குறை.

என் யோசனையை நாலு பேரிடம் சொன்னால் திருடிவிட மாட்டார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். அவரவருக்கு அவரவர் யோசனையே ஒசத்தி. சொல்லாமல் வைத்திருப்பதில் உள்ள நஷ்டம் அதைவிடப் பெரிது. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் ஒரு வினோதமான பசையைக் கண்டுபிடித்தார். ஒட்டும், ஆனால் எளிதாக உரிந்து வந்துவிடும். எதற்குப் பயன்படும் என்று அவருக்கே தெரியவில்லை. நிறுவனத்துக்குள் பார்த்தவர்களிடமெல்லாம் ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தது அவருடைய தொல்லை. 1980இல் சந்தைக்கு வந்த, ஒட்டி உரிக்கும் போஸ்ட்-இட் குறிப்புத் தாள் அப்படிப் பிறந்தது. சில்வர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பசை அலமாரியிலேயே காய்ந்திருக்கும்.

செய்முறை, சூத்திரம், சப்ளையரின் விலை போன்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினையைச் சொல்லலாம், யாருக்கு என்பதைச் சொல்லலாம்.

சட்டச் சிக்கல் வருமா?

பொதுவாக, வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது. அதை எழுதிய, வரைந்த, நிரலாக்கிய வடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகச் சின்ன உரிமை. புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். அது பெற்ற நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. காப்புரிமை பெறுகிறவர் தன் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வெளியிட்டாக வேண்டும். காலாவதியான காப்புரிமைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், பொதுவாகச் செய்தும் பார்க்கலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப் தளத்தில் தேடலாம். நடை வறட்சியாக இருக்கும், பொறுமை வேண்டும். இறங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் கற்றதை வைத்துத் தொழில் தொடங்கலாமா?

கையில் படிந்த திறமை உங்களுடையது. வாடிக்கையாளர் பட்டியல், கோப்புகள், ரகசியச் செய்முறை அவர்களுடையது. வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மறுபடி படியுங்கள்.

எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம். என்ன செய்வது?

கூச்சக்காரர்கள் நல்ல கவனிப்பாளர்கள், அதனால் முதலில் பார்ப்பதை மட்டும் செய்யுங்கள். பேச வேண்டி வரும்போது உதவி கேட்கிற மாதிரிப் போகாமல், வேலையைப் பாராட்டி ஒரு குறிப்பான கேள்வியோடு போங்கள். "இந்த முடிச்சை ஏன் இந்தப் பக்கம் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் யாரும் எரிந்து விழ மாட்டார்கள். தன் கைவேலையைப் பற்றிக் கேட்டால் பேசாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் நூறு யோசனை தருகிறதே?

தருகிறது. எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே நூறைத்தான். ஏற்கெனவே எழுதப்பட்டதிலிருந்து அது பேசுகிறது, ஒட்டுவேலைகளை யாரும் எழுதி வைப்பதில்லை. தூரத்துத் துறைகளின் பெயர்களைக் கேட்டு வாங்க அதைப் பயன்படுத்துங்கள். "இந்த மாதிரி சிக்கல் வேறு எந்தெந்த வேலைகளில் வருகிறது?" என்ற கேள்விக்கு அது உருப்படியாகப் பதில் சொல்லும். பிறகு நேரில் போங்கள்.

எவ்வளவு நாள் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது? எப்போது இறங்குவது?

நல்ல கேள்வி, ஏனென்றால் பார்ப்பதே ஒரு சொகுசாகிவிடும். நோட்டு நிறையும், பெட்டியில் காசு விழாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் முரட்டுத்தனமானது. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர், நீங்கள் தூண்டாமலே ஒரே தொல்லையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அதற்காக ஏற்கெனவே பணமோ நேரமோ செலவழித்திருக்க வேண்டும். வேறொரு தொழிலில் அதற்குத் தீர்வு ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்துவிட்டால் நோட்டை மூடிவிட்டு, அந்த மூவரில் அதிகம் தவிக்கிறவரிடம் போய், கையாலேயே செய்து தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று கேளுங்கள். கடை வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம், செயலி வேண்டாம்.

அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தால் வேலை ஆரம்பமாகிவிட்டது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் நோட்டைத் திரும்பத் திறந்து, அவர் சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு, மீதி இருவரிடமும் போங்கள்.